ட்ரூ பீட்டர்சன்: இல்லாதவர்கள் சொன்ன சாட்சி

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, திரும்பத் திரும்ப வந்த இடங்களைக் குறைத்திருக்கிறோம். குடும்ப வன்முறை, கொலை பற்றிய பேச்சு இது. கேட்க முடியாதவர்கள், படிக்க முடியாதவர்கள் தாராளமாகத் தவிர்த்துவிடலாம்.)



இன்னைக்குப் பேசப்போற வழக்குல கைரேகை கிடையாது. டிஎன்ஏ கிடையாது. கண்ணால் பார்த்தவர் கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவர் கடைசி வரைக்கும் ஒத்துக்கவும் இல்ல. வழக்கைத் தாங்கி நின்றது ரெண்டு பெண்கள் மத்தவங்ககிட்ட சொல்லிட்டுப் போன வார்த்தைகள்தான். விசாரணை நடந்தப்போ அந்த ரெண்டு பேருமே இல்ல. ஒருத்தர் இறந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. இன்னொருத்தர் காணாமப் போய் அஞ்சு வருஷம். ரெண்டு பேரும் ஒரே ஆளைக் கல்யாணம் பண்ணினவங்க. அந்த ஆள் கிட்டத்தட்ட முப்பது வருஷம் வேலை பார்த்த ஒரு போலீஸ் சார்ஜென்ட்.

பேர் ட்ரூ பீட்டர்சன். அமெரிக்காவில் சிகாகோவுக்குத் தென்மேற்கே போலிங்புரூக்னு ஒரு புறநகர், இல்லினாய் மாநிலம். அந்த ஊர் போலீஸ் துறையில் 1970-களின் பிற்பாதியில் சேர்ந்தவர். போதைப்பொருள் கும்பல்களுக்குள்ள மாறுவேஷத்தில் புகுந்து வேலை பார்த்த அனுபவமும் உண்டு.

இந்தக் கேஸைப் பற்றிப் படம், டாக்குமென்டரின்னு ஏகப்பட்டது வந்திருக்கு. 2012-ல் ராப் லோ நடிச்ச டிவி படம் விசாரணைக்கு முன்னாடியே வந்துடுச்சு. அதுல எல்லாம் ஆளோட வாய்த்துடுக்குதான் பிரதானம். எனக்கு அதுல ஆர்வம் இல்ல. எனக்கு இருந்த கேள்வி வேற. ஆதாரம் இல்லாத கேஸ்ல எப்படித் தண்டனை கிடைச்சது? அதைப் புரிஞ்சுக்க இல்லினாய் உச்ச நீதிமன்றத்தோட 2017 தீர்ப்பைத் தேடிப் படிச்சேன். படிச்சப்புறம்தான் இதை எபிசோடா பண்ணணும்னு தோணுச்சு.

முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன்.

கேத்லீன் சாவியோ, பீட்டர்சனின் மூணாவது மனைவி. ரெண்டு பையன்கள். 2001 வாக்கில் பீட்டர்சனுக்கு ஸ்டேசின்னு ஒரு பெண்ணோட பழக்கம். அந்தப் பெண்ணுக்கு அப்போ 17 வயசு, இவருக்கு 47. கேத்லீன் விவாகரத்துக்குப் போனார். 2003 அக்டோபரில் விவாகரத்து ஆச்சு, ஒரு வாரம் கழிச்சு பீட்டர்சன் ஸ்டேசியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். ஆனா சொத்துப் பிரிவினை மட்டும் முடியல. அதற்கான விசாரணை 2004 ஏப்ரலில் நடக்கணும். இந்தத் தேதியை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி இதுதான் முக்கியமாகப் போகுது.

அந்த ரெண்டு வருஷத்துல அந்த வீட்டுச் சண்டைக்காகப் போலீஸ் வந்தது 18 தடவைன்னு செய்திகளில் கணக்கு வந்தது. வந்த போலீஸ் யாரு? போலிங்புரூக் போலீஸ்தான். பீட்டர்சனோட சக ஊழியர்கள். இதுல வழக்குப் போடப்பட்டது கேத்லீன் மேலேதான். அவர் அடிச்சார்னு. கோர்ட் அவரைக் குற்றமற்றவர்னு விடுவிச்சது.

2002 நவம்பரில் கேத்லீன் உள்ளூர் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த வருஷம் ஜூலையில் பீட்டர்சன் போலீஸ் சீருடையில் வீட்டுக்குள்ள புகுந்து, கத்தியைக் காட்டி மிரட்டினதா அதுல இருந்தது. இவர் மேல ஏன் நடவடிக்கை எடுக்கலன்னு கேட்டிருந்தார். அக்காகிட்டயும் தோழிகள்கிட்டயும் சொல்லியிருக்கார்: என்னைக் கொன்னுட்டு அதை விபத்து மாதிரி காட்டிடுவேன்னு சொல்றான்னு. கடிதம் போனது போனதுதான். பீட்டர்சன் மேல வழக்கு எதுவும் வரல.

2004 பிப்ரவரி 29, ஞாயிறு ராத்திரி. பையன்களை வார இறுதிக்குக் கூட்டிட்டுப் போயிருந்த பீட்டர்சன் திரும்ப விட வந்தார். கதவைத் திறக்க ஆள் இல்ல. மறுநாள் ராத்திரியும் பதில் இல்லாததால பூட்டுத் திறக்கிற ஆளை வரவழைச்சார், அக்கம்பக்கத்தவங்களை உள்ள அனுப்பினார், தான் பின்னாடி நின்னார். மாடியில் குளியல் தொட்டிக்குள்ள கேத்லீன் இறந்து கிடந்தார். தலையின் பின்பக்கம் காயம், முடியில் ரத்தம். தொட்டியில் தண்ணி இல்ல. வயசு 40. செவிலியர் படிப்பு படிச்சுக்கிட்டு இருந்தார்.

உள்ளூர் போலீஸ்காரரின் முன்னாள் மனைவி என்பதால விசாரணை மாநிலப் போலீஸ் கைக்குப் போச்சு. நல்ல விஷயம்தான். ஆனா வந்தவங்க ஆரம்பத்திலேயே வழுக்கி விழுந்த கேஸ்னு முடிவு பண்ணிட்டாங்க. கைரேகை எடுக்கல. தடயம்னு எதையும் சேகரிக்கல. அன்னைக்கு ராத்திரி கணவர் எங்கிட்டதான் இருந்தார்னு சொல்ல வேண்டிய ஒரே ஆள் ஸ்டேசி. ஸ்டேசியை விசாரிச்சப்போ பக்கத்திலேயே பீட்டர்சனை உட்கார அனுமதிச்சாங்க. கேட்டதுக்குக் காரணம், மனைவி பதற்றமா இருக்காராம். சக போலீஸ்காரர் கேட்கிறார், சரின்னுட்டாங்க. இதை அந்த அதிகாரியே பின்னாடி கோர்ட்டில் சொன்னார்.

அப்புறம் கொரோனர் ஜூரி. அதாவது பிரேத விசாரணை, ஊர்க்காரங்க ஆறு பேர் உட்கார்ந்து மரணத்தின் வகையை முடிவு பண்றது. அந்த ஆறு பேரில் ஒருத்தர் பிற்பாடு பத்திரிகைகளுக்குச் சொன்னது: ஜூரியில் ஒரு போலீஸ்காரரும் இருந்தார், பீட்டர்சன் நல்ல மனுஷன், அப்படிப் பண்ற ஆள் இல்லன்னு எங்களுக்கு உறுதி சொன்னார். தீர்ப்பு: விபத்து, நீரில் மூழ்கி மரணம். ஃபைலை மூடிட்டாங்க.

மூணரை வருஷம் கழிச்சு, 2007 அக்டோபர் 28. ஸ்டேசி காணாமப் போனார். வயசு 23. இவங்களுக்கும் ரெண்டு குழந்தைகள். இன்னொருத்தரோட போயிட்டான்னு பீட்டர்சன் சொன்னார். ஸ்டேசியின் சகோதரி அதை நம்பல, மறுநாளே புகார் கொடுத்தார்.

ஒரு போலீஸ்காரரோட மனைவி காணாமப் போனா செய்தி. அவரோட முந்தின மனைவி தண்ணியில்லாத தொட்டியில் 'மூழ்கி' இறந்தவர்னு தெரிஞ்சா நாடு முழுக்கச் செய்தி. ரெண்டு வாரத்துல, நவம்பர் 13-ம் தேதி, கேத்லீனின் உடலைத் தோண்டி எடுத்தாங்க. திரும்பப் போஸ்ட்மார்ட்டம். 2008 பிப்ரவரியில் முடிவு வந்தது: இது கொலை. உடம்பின் முன்பக்கம் சிராய்ப்பும் கன்னிப்போன இடங்களும், பின்மண்டையில் வெட்டுக்காயம். ஒரே ஒரு வழுக்கலில் ரெண்டு பக்கமும் அடிபட முடியாதுன்னாங்க. பீட்டர்சன் தரப்பு மருத்துவர்கள் இதை மறுத்தாங்க, முடியும்னு சொன்னாங்க.

சரி, கொலைன்னே வைப்போம். யார் பண்ணினதுன்னு எப்படிக் காட்டுவீங்க? நாலு வருஷம் ஆச்சு, வீட்டில் ஒண்ணும் மிச்சமில்ல. அப்போ எடுத்திருக்க வேண்டியதை யாரும் எடுக்கல. இருக்கிறது கேத்லீன் உயிரோட இருந்தப்போ சொன்னது. அப்புறம் ஸ்டேசி சொன்னது.

ஸ்டேசி என்ன சொன்னார்? 2007 ஆகஸ்டில், காணாமப் போறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, தன்னோட பாஸ்டரை ஒரு காபி கடையில் சந்திச்சார். கேத்லீன் இறந்த அந்த வார இறுதியில் நடு ராத்திரி முழிச்சப்போ கணவர் பக்கத்தில் இல்ல. பிறகு பார்த்தா கறுப்பு உடையில் வாஷிங் மெஷின்கிட்ட நிக்கிறார், கையில் ஒரு பை, உள்ள ஒரு பெண்ணோட துணிகள், அது என்னுது இல்ல. போலீஸ்ல என்ன சொல்லணும்னு மணிக்கணக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் பொய் சொன்னேன். இதுதான் பாஸ்டர் சாட்சிக்கூண்டில் சொன்னதோட சாரம்.

இப்போ விஷயத்துக்கு வரேன். பாஸ்டர் இதைக் கோர்ட்டில் சொன்னா அது செவிவழிச் சாட்சியம், அதாவது ஹியர்சே. பாஸ்டர் அங்க இருந்து பார்க்கல. பார்த்தது ஸ்டேசி. ஸ்டேசி உண்மையைத்தான் சொன்னாரா, கணவர் மேல கோபமா, தூக்கக் கலக்கமா, எத்தனை மணி இருக்கும், விளக்கு எரிஞ்சதா, இதெல்லாம் குறுக்கு விசாரணையில் கேட்கணும். ஸ்டேசி இல்ல. யார்கிட்ட கேட்பீங்க?

அமெரிக்காவில் இது வெறும் நடைமுறை விதி இல்ல, அரசியலமைப்பு உரிமை. ஆறாவது திருத்தம்: உனக்கு எதிரா சாட்சி சொல்றவரை நீ நேருக்கு நேர் சந்திக்கணும். ஒரு தற்செயல் பாருங்க. கேத்லீன் உடல் கிடைச்சது 2004 மார்ச் 1. சரியா ஒரு வாரம் கழிச்சு, மார்ச் 8-ம் தேதி, அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிராஃபர்ட் வழக்கில் தீர்ப்பு சொல்லி இந்த உரிமையை இன்னும் இறுக்கிடுச்சு. போலீஸ் விசாரணையில் சொன்னது மாதிரியான வாக்குமூலங்களை, சொன்னவர் குறுக்கு விசாரணைக்கு வராம, நம்பகமா இருக்குங்கிற ஒரே காரணத்துக்காக உள்ள விடக்கூடாது.

உங்களில் பாதிப் பேருக்கு இப்போ மரண வாக்குமூலம் ஞாபகம் வந்திருக்கும். சினிமாவில் பார்க்கிறது, ஆஸ்பத்திரிக் கட்டில், பக்கத்தில் மாஜிஸ்ட்ரேட். அது அங்கேயும் உண்டு. ஆனா அமெரிக்க விதிப்படி சொல்றவர், நான் இதோ சாகப்போறேன்னு நம்பிக்கிட்டு சொல்லியிருக்கணும். கேத்லீன் சொன்னது பல மாசம் முன்னாடி. நம்ம நாட்டு விதி இதுல கொஞ்சம் தாராளம். 1872 சாட்சியச் சட்டத்தோட 32-வது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து அதுக்குப் பதிலா பாரதிய சாக்ஷ்ய அதினியமில் 26-வது பிரிவு, சாவை எதிர்பார்த்துத்தான் சொல்லியிருக்கணும்னு கேட்கல, மரணத்துக்குக் காரணமான சூழ்நிலை பற்றி இருந்தா போதும்னு சொல்லுது. இல்லினாயில் அந்தக் கதவு கிடையாது.

அப்போ வேற எந்தக் கதவு? ஒண்ணு இருக்கு, ரொம்பப் பழசு. சாட்சி வராம இருக்கக் காரணமே நீதான்னா, சாட்சியைச் சந்திக்கிற உரிமை எனக்கு வேணும்னு நீ கேட்க முடியாது. தன் தப்பாலேயே உரிமையை இழக்கிறது. 17-ம் நூற்றாண்டு இங்கிலாந்து வரைக்கும் போகுது இதோட வேர். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1879-ல் ரெனால்ட்ஸ் வழக்கில் இதைச் சொல்லியிருக்கு. அது பலதார மணக் கேஸ். அதிலும் வராத சாட்சி ஒரு மனைவிதான். சம்மன் கொடுக்கப் போனா ஆளே வீட்டில் இல்ல, எங்கன்னு கணவர் சொல்லமாட்டேன்கிறார். அப்போ முன்னாடி ஒரு விசாரணையில் அவர் சொன்னதையே ஏத்துக்கிறோம்னுட்டாங்க.

இதில் ஒரு சிக்கல் இருக்கு, அதை நான் முதல்ல படிச்சப்போ பத்து நிமிஷம் நின்னுட்டேன். பீட்டர்சன் கொலை பண்ணினார்னு நிரூபிக்க அந்த வார்த்தைகள் வேணும். அந்த வார்த்தைகள் உள்ள வரணும்னா அவர் கொலை பண்ணினார்னு முதல்ல நிரூபிக்கணும். ரெண்டு ஃபங்ஷன் ஒண்ணை ஒண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கிற மாதிரி.

சட்டம் இதை வெட்டுற விதம், ரெண்டு தனித்தனி ஆளை ரெண்டு தனித்தனி அளவுகோலோட உட்கார வைக்கிறது. விசாரணைக்கு முன்னாடி நீதிபதி மட்டும் தனியா முடிவு பண்ணுவார். அவருக்கு 'நியாயமான சந்தேகத்துக்கு அப்பால்' தேவையில்ல, பண்ணியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு தராசு ஒரு பக்கம் சாய்ஞ்சா போதும். சாய்ஞ்சா வார்த்தைகள் உள்ள வரும். அதுக்கப்புறம் ஜூரி அந்த வார்த்தைகளையும் மத்ததையும் சேர்த்துப் பெரிய அளவுகோல்ல பார்ப்பாங்க. நீதிபதி என்ன முடிவு பண்ணினார்னு ஜூரிக்குச் சொல்லமாட்டாங்க.

2008 ஜூனில் இன்னொரு திருகும் வந்தது. ஜைல்ஸ் வழக்கு, கலிஃபோர்னியா. முன்னாள் காதலியைச் சுட்டுக் கொன்னவர். அந்தப் பெண் சில வாரம் முன்னாடி போலீஸ்ல, என்னைக் கொன்னுடுவேன்னு மிரட்டினான்னு சொல்லியிருந்தார். உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூணு பெரும்பான்மையில், வெறுமனே கொன்னது போதாது, சாட்சி சொல்லவிடாமத் தடுக்கணும்கிற நோக்கத்தோட கொன்னிருக்கணும்னு சொல்லிடுச்சு. கூடவே, குடும்ப வன்முறையில் பெண் வெளியே உதவி கேட்கவிடாம மிரட்டி வெச்சிருந்த வரலாறு இருந்தா, அது இந்த நோக்கத்துக்கு ஆதாரமா எடுத்துக்கலாம்னும் சொன்னாங்க.

அதனாலதான் அந்த 2004 ஏப்ரல் தேதி. கேத்லீன் சொத்து வழக்கில் சாட்சி சொல்ல இருந்தார். அதைத் தடுக்கத்தான் கொலைன்னு அரசுத் தரப்பு வாதம். ஸ்டேசி விவாகரத்து கேட்கத் தயாராகிட்டு இருந்தார், கேத்லீன் பற்றி வாயைத் திறக்கக்கூடிய ஒரே ஆள். அதைத் தடுக்கத்தான் அதுவும்.

வில் கவுண்டியின் அரசு வழக்கறிஞர் ஜேம்ஸ் கிளாஸ்கோ இதுக்காக ஒரு புதுச் சட்டமே கேட்டு வாங்கினார். 2008 கடைசியில் இல்லினாய் சட்டமன்றம் நிறைவேத்துச்சு. ஊரெல்லாம் அதுக்கு வெச்ச பேர் 'ட்ரூ சட்டம்'. ஒரே ஒரு ஆளை மனசுல வெச்சுக்கிட்டுச் சட்டம் போடறது எனக்கு ஒவ்வாத விஷயம், ஆள் எவ்வளவு மோசமா இருந்தாலும் சரி. அந்த ஒவ்வாமைக்குச் சட்டமே பழி வாங்கிடுச்சு, எப்படின்னு சொல்றேன்.

2009 மே 7-ம் தேதி பீட்டர்சன் கைது. ஜாமீன் தொகை 2 கோடி டாலர். 2010 தொடக்கத்தில் ஜோலியட் நகரக் கோர்ட்டில் அந்த முன்விசாரணை, வாரக்கணக்கில். முடிவில் நீதிபதி, ரெண்டு பெண்களையுமே பீட்டர்சன்தான் கொன்றார், சாட்சி சொல்ல முடியாம ஆக்கணும்னுதான் கொன்றார்னு அந்தச் சின்ன அளவுகோல்படி முடிவு பண்ணினார். ஆனா புதுச் சட்டத்தில் கூடுதலா ஒரு நிபந்தனை இருந்தது: ஒவ்வொரு வாக்கியமும் நம்பகமானதுன்னும் நீதிபதி திருப்தி அடையணும். அந்தச் சல்லடையில் போட்டுச் சலிச்சு, அரசுத் தரப்பு கேட்டதில் பலதை வெளியே தள்ளிட்டார்.

அதாவது, அவரை மாட்டவைக்கப் போட்ட சட்டமே அவருக்குத் துணையா நின்னது. பழைய விதியில் இந்த நம்பகத்தன்மை நிபந்தனையே கிடையாது. ஆபீஸ்ல இது அடிக்கடி நடக்கும். ஏற்கெனவே லைப்ரரியில் இருக்கிற ஒண்ணைக் கவனிக்காம நாமே ஒண்ணு எழுதுவோம், எழுதினது பழசை விடக் கண்டிப்பா இருந்து நம்ம டேட்டாவையே திருப்பி அனுப்பும். அரசுத் தரப்பு மேல்முறையீட்டுக்குப் போய், எங்களுக்குப் பழசே போதும்னு கேட்டாங்க. 2012 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சரின்னு சொன்னது. வார்த்தைகள் உள்ளே வந்தன. 2012 ஜூலை கடைசியில் விசாரணை ஆரம்பிச்சது.

விசாரணையில் ரெண்டு தரப்பும் சொதப்பினாங்க. சொல்லக்கூடாதுன்னு நீதிபதி தடுத்ததை அரசுத் தரப்பு ஜூரி முன்னாடி சொல்லி, வழக்கே ரத்தாகிற விளிம்புக்கு ஒரு தடவைக்கு மேல போச்சு. ஆனா பெரிய சொதப்பல் பீட்டர்சன் தரப்போடது.

கேத்லீனுக்கு விவாகரத்து வழக்கு நடத்தின ஒரு வக்கீல் இருந்தார். காணாமப் போறதுக்குச் சில நாள் முன்னாடி ஸ்டேசி அதே வக்கீலுக்கு ஃபோன் பண்ணியிருந்தார், எனக்கும் விவாகரத்து வாங்கித் தர முடியுமான்னு. அந்தப் பேச்சில், கேத்லீனை அவர் எப்படிக் கொன்றார்னு போலீஸ்ல சொல்லிடுவேன்னு சொன்னா எனக்குக் கூடப் பணம் கிடைக்குமான்னும் கேட்டிருக்கார். அரசுத் தரப்பு இவரை இந்த விஷயத்துக்காகக் கூப்பிடல. கூப்பிட்டது பீட்டர்சனோட வக்கீல். ஸ்டேசி பணத்துக்காக மிரட்டப் பார்த்தவர், அவர் வார்த்தையை நம்பாதீங்கன்னு காட்டறதுக்காக. கூட இருந்த வக்கீல்களில் ஒருத்தரே வேண்டாம்னு தடுத்தும் கேட்கல.

விளைவு? ஸ்டேசிக்குத் தெரிஞ்சிருந்ததுன்னு ஜூரி இன்னொரு வாயால கேட்டாங்க. அதுவும் பீட்டர்சன் தரப்பே கூட்டிட்டு வந்த வாயால. பாஸ்டர் சொன்னதும் வக்கீல் சொன்னதும் ஒண்ணோட ஒண்ணு பொருந்திச்சு. எங்க மனசை மாத்தினது அந்த வக்கீலோட சாட்சிதான்னு ஜூரியில் இருந்தவங்க பின்னாடி சொன்னாங்க. இவ்வளவு வருஷம் இந்த வார்த்தைகள் உள்ள வரலாமா கூடாதான்னு சண்டை போட்டு, கடைசியில் ஆள் மாட்டினதில் பெரும்பங்கு, சண்டையே போடாம அவங்களாவே உள்ள விட்ட ஒண்ணுக்கு.

2012 செப்டம்பர் 6. ரெண்டு நாளா பேசி முடிவெடுத்து ஜூரி சொன்னது: குற்றவாளி. 2013 பிப்ரவரியில் 38 வருஷம் சிறை. தண்டனை சொல்ற அன்னைக்குப் பேச வாய்ப்பு கொடுத்தப்போ, நான் கேத்லீனைக் கொல்லலன்னு கோர்ட்டே அதிர்ற மாதிரி கத்தினார். கேத்லீனின் குடும்பத்துப் பக்கம் இருந்து, கொன்னேன்னு பதில் வந்தது.

2017 செப்டம்பரில் இல்லினாய் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. ட்ரூ சட்டம் பழைய விதியோட மோதுது, மோதுற இடத்தில் நீதிமன்றத்தோட விதிதான் நிற்கும்னு சொன்னாங்க. பாஸ்டர்கிட்ட சொன்னது பாவமன்னிப்பு ரகசியம் இல்லையான்னும் ஒரு வாதம் இருந்தது. காபி கடையில் எல்லாரும் பார்க்க நடந்த பேச்சு, அந்தச் சபையோட விதிப்படி ரகசியம்னு காட்டலன்னு தள்ளிட்டாங்க. அந்த வக்கீலைக் கூப்பிட்டது தப்பான உத்தியா இருக்கலாம், அதுக்காக மறுவிசாரணை கிடையாதுன்னும் சொல்லிட்டாங்க.

நடுவில் இன்னொரு வழக்கு. சிறையில் இருந்துக்கிட்டே அரசு வழக்கறிஞர் கிளாஸ்கோவைக் கொல்ல ஆள் ஏற்பாடு பண்ணப் பார்த்தார். பேசினது சக கைதிகிட்ட. அந்தக் கைதி உடம்பில் ரெக்கார்டர் வெச்சிருந்தார். 2016 மே மாசம் குற்றவாளின்னு தீர்ப்பு, கூடுதலா 40 வருஷம், முதல் தண்டனை முடிஞ்சப்புறம் ஆரம்பிக்கிற மாதிரி. இங்க செவிவழிச் சாட்சியச் சண்டைக்கு இடமே இல்ல. சொன்னது அவரே, அவர் குரல்லயே.

இந்த விதி சரியான்னு கேட்டீங்கன்னா, கொஞ்சம் நெருடலோட சரின்னுதான் சொல்வேன். நெருடல் எங்கன்னா, நாளைக்கு உண்மையிலேயே நிரபராதியான ஒருத்தர் மேல, இறந்துபோன ஒருத்தர் கோபத்தில் சொன்ன வார்த்தை இதே வழியா வரலாம், அவரால திருப்பிக் கேள்வி கேட்க முடியாது. முதல் நீதிபதி போட்ட சல்லடை, அந்த நம்பகத்தன்மை நிபந்தனை, மோசமான யோசனை இல்லன்னுதான் எனக்குத் தோணுது. ஆனா எனக்கு அதைவிடப் பெரிய கோபம் வேற இடத்துல. கேத்லீன் உயிரோட இருந்தப்போ பேசினது செவிவழியே இல்ல. நேரடிப் புகார். பதினெட்டுத் தடவை போலீஸ் வாசல்ல நின்னது, அவர் எதிரிலேயே நின்னது. கடிதத்தில் கையெழுத்து அவருது. குறுக்கு விசாரணை பண்ண ஆள் அங்கேயே இருந்தார். யாரும் பண்ணல. எட்டு வருஷம் கழிச்சு அதே வார்த்தைகளை உள்ள கொண்டுவர ஒரு மாநிலமே புதுச் சட்டம் எழுதி, மூணு நீதிமன்றம் ஏறி இறங்க வேண்டியிருந்தது.

ஸ்டேசியைப் பற்றி நிறையப் பேர் கேட்பீங்கன்னு தெரியும். உடல் கிடைக்கல. குடும்பத்தார் கால்வாய்ப் பக்கம் தேடினாங்க, தன்னார்வலர்கள் வயல், ஏரின்னு தேடினாங்க. அந்த வழக்கில் பீட்டர்சன் சந்தேக வளையத்தில் இருக்கார்னு போலீஸ் 2007-லேயே சொன்னாங்க, ஆனா குற்றப்பத்திரிகை இல்ல. அவர் மறுக்கிறார். 2010-ல் அந்த நீதிபதி, இவர்தான் கொன்றார்னு முடிவு பண்ணினாரே, அது எந்தச் சாட்சியை உள்ள விடலாம்னு பார்க்கறதுக்காக மட்டும். அதை வெச்சு ஒரு நாள் தண்டனைகூட யாருக்கும் கொடுக்க முடியாது. இந்த 78 வருஷத்தில் ஸ்டேசிக்காகன்னு ஒரு நாளும் இல்ல.

அவ்ளோதான் இந்த எபிசோட். ஜைல்ஸ் வழக்கில் மறுத்து எழுதின மூணு நீதிபதிகள் சொன்னதையும் சேர்த்து ஒரு தடவை பேசணும்னு இருக்கேன். அடுத்த வாரம் பார்க்கலாம்.